முப்பத்தோரு சென்டிமீட்டர்

மார்ச் 4

அளவுக்காரிக்கு உன் அண்ணி எழுதுவது.

போனில் கேட்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு துணித் திரை. அத்தைக்கு முழங்கால்தான் மக்கர் செய்கிறது, காது இரண்டும் புதுசு மாதிரி வேலை செய்கின்றன. அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் அண்ணன் லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுவார். ஒட்டிய கவரைப் பிரித்துப் பார்க்கும் பொறுமையெல்லாம் அவருக்குக் கிடையாது, உனக்கே தெரியும்.

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்தது. தலை, முதுகு, இதயம் எல்லாம் சரியாக இருக்கிறதாம். தொப்புள் கொடியில் மூன்று ரத்தக் குழாயும் இருக்கிறதாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொடி நீளம் எவ்வளவு டாக்டர்?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது சுருண்டு கெடக்கும்மா, இதுல அளக்க முடியாது. பொறந்த பிறகுதான் தெரியும்" என்றார். பிறந்த பிறகு தெரிந்து நான் என்ன செய்ய? தைத்து முடித்த சட்டையைக் கொண்டுவந்து கை குட்டை என்று சொன்னால் ஒட்டுப் போடவா முடியும்?

நீதான் அந்த வேலையில் இருக்கிறாய். நாளெல்லாம் பிள்ளை பெற்றவர்களின் கொடியை அளப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான். எனக்கு நேராகப் பதில் சொல். கொடி எதனால் நீள்கிறது? எதனால் குட்டையாகிறது? அம்மாக்காரி என்ன செய்ய வேண்டும்?

நான் என்னென்ன செய்கிறேன் தெரியுமா? காலையில் மொட்டை மாடியில் முப்பது சுற்று. சாப்பிட்டதும் குளிர்ந்த ஜூஸ் ஒரு டம்ளர், அது உள்ளே போனதும் பிள்ளை துள்ளும் என்று எவரோ சொன்னார்கள். மதியம் ரேடியோவை வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். உன் அண்ணன் பார்த்துவிட்டு, "பிள்ளை வெளிய வந்ததும் மொதல்ல வானிலை அறிக்கைதான் சொல்லப் போகுது" என்கிறார். தையல் மெஷினைப் போர்வை போட்டு மூடிவிட்டேன். நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே மூடினேன்.

ஏன் என்று கேட்காதே. மூத்தவள் சுண்டு பிறந்து பத்தாம் நாள் நீ ஆஸ்பத்திரி ஃபைலோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொன்னது உனக்கு மறந்திருக்கலாம். "கொடி முப்பத்தொண்ணுதான் இருக்கு. ரொம்பக் குட்டை. உள்ள பிள்ளை நல்லா அசைஞ்சு இழுத்தாத்தான் கொடி நீளும்" என்றாய். அத்தை தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதான் நான் தலையால அடிச்சுக்கிட்டேனே, மெஷினை விட்டு எந்திரி எந்திரின்னு" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. நாலு வருஷமாக இந்த வீட்டில் சுண்டு தடுக்கி விழுந்தாலும், மெதுவாகச் சாப்பிட்டாலும், அத்தையின் கண் ஒரு தரம் மெஷின் பக்கம் போய்விட்டுத்தான் திரும்பும்.

நாலு வயதாகியும் அவள் ஓடுவதில்லை. படியில் இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து இறங்குகிறாள். "யாராச்சும் கை குடுத்தாத்தான் வர்றா" என்று பள்ளிக்கூட டீச்சர் சொல்கிறார். நான் எங்கே போனாலும் அவள் கையை விடுவதே இல்லை. இருந்தும் இப்படி.

இந்த இரண்டாவதையாவது நான் சரியாகச் சுமக்க வேண்டும். மறைக்காமல் எழுது.

உன் அண்ணி


மார்ச் 15

என் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சலவைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் தபால்காரர். என் அறை அந்தக் கடைக்கு மேலேதான். கீழே நாள் முழுக்க இஸ்திரி போடுவதால் என் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது. செருப்பு வாங்காமலே குளிர்காலத்தை ஓட்டிவிட்டேன். கவரும் கதகதவென்று என் கைக்கு வந்தது.

மொட்டை மாடியில் முப்பது சுற்று நல்லதுதான், மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள். ஜூஸை பாதியாகக் குறையுங்கள், சர்க்கரை ஏறும். ரேடியோவை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்போது பாடம். கொடி என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. அம்மா பக்கத்திலிருந்து கொஞ்சம், பிள்ளை பக்கத்திலிருந்து கொஞ்சம். எங்கள் பெரிய டாக்டர் இதைத்தான் ஆராய்ச்சி செய்கிறார், அதற்குத்தான் நான் அளக்கிறேன். பிரசவ வார்டிலிருந்து நஞ்சுக்கொடி வரும் ஒவ்வொரு வாளிக்கும் ஒரு தாள். இடது பக்கம் அம்மாவுக்கு: உயரம், எடை, எத்தனையாவது பிரசவம், சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, புகை பிடிப்பாரா. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொடி தடித்துக் கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே குழாய்களைச் சுற்றி இருக்கும் கூழ் அதிகமாகிவிடும். புகை, ரத்த அழுத்தம் என்றால் பலருக்கு மெலிந்துபோகும். உயரமான அம்மாவுக்கும், முன்பே பிள்ளை பெற்றவருக்கும் சாதாரணமாகக் கொஞ்சம் நீளம் கூடும். வலது பக்கம் பிள்ளைக்கு: எடை, ஆணா பெண்ணா, ஒன்றா இரட்டையா, உள்ளே இடம் தாராளமாக இருந்ததா. பிள்ளை ஆடி ஆடி இழுக்கத்தான் கொடி நீள்கிறது. அதுவும் பெரும்பாலும் முதல் ஆறேழு மாதத்திலேயே. இந்த இரண்டு பக்கத்தையும் நிரப்பிய பிறகும், பாதிக்கு மேல் ஏன் என்று தெரியாது என்கிறார் பெரிய டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை முதல் முறையாகப் பார்க்கிறேன்.

தையல் மெஷின் என்று அந்தத் தாளில் ஒரு கட்டம் கிடையாது அண்ணி. போர்வையை எடுத்துவிடுங்கள்.

இங்கே பிரசவ வார்டில் ஒரு பெரிய சிஸ்டர் இருக்கிறார். நாங்கள் இடி சிஸ்டர் என்போம். முதல் நாள் நான் வாளியிலிருந்து நஞ்சுக்கொடியை எடுத்துக் கழுவி, கொடியை மேஜையில் இழுக்காமல் நீட்டி, அளவை எழுதி அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் இன்டர்காமில் இடி இடித்தது. "டப்பா எங்கம்மா? சீட்டு எங்க? ரத்தம் எடுக்க வெட்டின துண்டு டப்பால இருக்கு, பிள்ளை வயித்துல விட்டது எவ்வளவுன்னு சீட்டுல இருக்கு. அதெல்லாம் சேக்காம அளந்தா அது என்ன அளவு?" என்று கேட்டார். மூன்றையும் கூட்டித்தான் இங்கே எழுத வேண்டுமாம். நம் ஊர் ஆஸ்பத்திரியில் இப்படி டப்பாவோ சீட்டோ

அது இருக்கட்டும். வேறு விஷயம். சுண்டுவுக்கு ஒரு சிவப்புக் குடை வாங்கியிருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்கு மருந்தும் அனுப்புகிறேன். எண்ணெய் வாசனை பிடிக்கவில்லை என்பார், விடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

ஆண் பெண், குட்டை நெட்டை, சர்க்கரை, புகை எல்லாம் எழுதினாய். நான் கேட்ட ஒன்றைத் தவிர.

சுண்டு விஷயத்தில் தப்பு என்னுடையதா? அதற்கு ஒரு வரி எழுத உனக்கு என்ன கஷ்டம்? மெஷினுக்குக் கட்டம் இல்லை என்கிறாய். சரி. அப்படியானால் பிள்ளை பக்கம் கட்டம்தான் மிச்சம். அவள் உள்ளேயே அசையாமல் கிடந்தாள் என்றுதானே அர்த்தம்? அது எனக்கு இன்னும் மோசம் இல்லையா? என்மேல் தப்பு என்றால் நான் திட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவேன். அவளுக்கே ஏதோ குறை என்றால் நான் யாரிடம் போவேன்?

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. அவள் வயிற்றில் இருந்தபோது நன்றாக உதைத்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். ஒரு நாள் மடியில் வைத்திருந்த கத்தரிக்கோல் தரையில் விழுந்தது அவள் உதைத்துத்தான். உன் அண்ணன் பார்த்தார். ஆனால் முப்பத்தொன்று என்று தாளில் எழுதியிருக்கும்போது என் ஞாபகத்தை எப்படி நம்புவது? எல்லா அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொள்வாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

குழந்தை டாக்டரிடம் போய் வந்தேன். பழைய ஃபைலைப் புரட்டி, முப்பத்தொன்று என்ற வரியில் விரலை வைத்து நின்றார். நடையைப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு நடத்திக் காட்டினேன். "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றார். பார்க்க வேண்டாம், தலையை ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

குடை வந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். மருந்தை அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "உன் நாத்தனார் என்னை ஊறுகாய் போடப் பாக்குறா" என்றார். ஆனால் தடவிக்கொள்கிறார்.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணி,

உங்கள் மேல் தப்பு இல்லை. இந்த ஒரு வரியை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்.

சுண்டுவின் மேலும் தப்பு இல்லை. கொடி குட்டையாக இருந்த எத்தனையோ பிள்ளைகள் நன்றாக ஓடி ஆடுகிறார்கள். வெறும் நீளத்தை வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அன்றைக்கு மேஜையில் நான் பேசியது பெரிய மனுஷத்தனம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொண்டேன்.

ஸ்கேனுக்கு அவசரப்படாதீர்கள். உங்களிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னாலும் பெரிதாக மாறப் போவதில்லை என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இப்போதைக்கு இவ்வளவுதான். கீழே இஸ்திரிக்காரர் பாட்டுப் போட்டுவிட்டார், எழுத ஓடவில்லை.

நாத்தனார்


மே 6

அளவுக்காரிக்கு,

உன் "இன்னொன்று" என்னவென்று யோசித்து யோசித்து ஒரு மாதம் ஓடிவிட்டது. யாரையாவது காதலிக்கிறாயா? அப்படியானால் சொல்லித் தொலை, அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் சேதி இதுதான். டாக்டர் சம்மதித்துவிட்டார். இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி சுண்டுவுக்குத் தலை ஸ்கேன். அசையாமல் படுக்க வேண்டுமாம், நாலு வயதுக் குழந்தை படுக்காது, அதனால் மருந்து கொடுத்து மயக்கித் தூங்கவைப்பார்கள். காலையிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது. கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். உன் அண்ணன் அந்தத் தாளை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "மயக்க மருந்தெல்லாம் வேணுமா?" என்று கேட்டார். "வேணும்" என்றேன். போட்டுக் கொடுத்தார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரியாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

பிறந்த விவரம் முழுவதையும் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதினேன். நீ ஒரு தரம் படித்துப் பார், ஏதாவது விட்டிருந்தால் சொல்:

"ஒன்பது மாதமும் முடிந்து பிறந்தாள். வலி எடுத்து பதினோரு மணி நேரம். எடை இரண்டே முக்கால் கிலோ. தலை வந்ததும் நர்ஸம்மா, 'கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருக்கு, இறுக்கமா இருக்கு. முக்காதீங்க, இங்கயே வெட்டிட்டு எடுத்துடலாம்' என்றார். என்னைத்தான் வெட்டப் போகிறார்கள் என்று நினைத்து நான் கத்தினேன். அவர் கொடியைச் சொன்னாராம். வெளியே வந்ததும் உடனே அழுதாள். பால் நன்றாகக் குடித்தாள். பதினாலாம் மாதம் நடந்தாள்."

கத்தியதை டாக்டருக்கு எழுத வேண்டாம் என்கிறார் உன் அண்ணன். நான் எழுதத்தான் போகிறேன். நடந்ததை அப்படியே எழுதச் சொன்னாரே.

அண்ணி


மே 12

அண்ணி,

இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அந்த முப்பத்தொன்று தப்பு. அளந்தது நான். தாளில் இருப்பது என் கையெழுத்து.

நேற்று போன் செய்தேன். அம்மா எடுத்தார். "யாரு?" என்று இரண்டு தரம் கேட்டார், நான் பேசாமல் வைத்துவிட்டேன். நீங்களே எடுத்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. சொன்னால் "பரவால்ல விடு" என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள், நானும் அதை வாங்கிக்கொண்டு தப்பித்துவிடுவேன். எழுத்தில் இருந்தால் டாக்டரிடம் காட்டலாம். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே டாக்டருக்குத் தனித்தாள் ஒன்று, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். நம் ஊர் ஆஸ்பத்திரியில் வாளியில் என்ன வந்ததோ அதைத்தான் அளப்போம். நஞ்சுக்கொடியோடு ஒட்டிக்கொண்டு வந்த துண்டின் நீளம், அவ்வளவுதான். பிள்ளை பக்கம் எவ்வளவு போனது என்று நானும் கேட்டதில்லை, வார்டிலிருந்து யாரும் எழுதி அனுப்பியதும் இல்லை. தாளில் "நீளம்" என்று ஒரே கட்டம். நான் வாளியில் இருந்ததை அளந்து, முழு நீளம் போல அதில் நிரப்பினேன். இங்கே வந்து இடி சிஸ்டரிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட அன்றுதான் எனக்கு உறைத்தது. மார்ச் கடிதத்தில் அதை எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன், நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

ஏன் நிறுத்தினேன்? மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். பிள்ளை வயிற்றில் விடுவது இரண்டு மூன்று சென்டிமீட்டர், வெட்டி எறிவது இன்னும் கொஞ்சம். எப்படிக் கூட்டினாலும் நாற்பதைத் தாண்டாது, அப்போதும் குட்டைதானே, சொல்லி என்ன ஆகப் போகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அது சாக்கு அண்ணி. எனக்குப் பயம். அந்த எண் அம்மாவின் வாயில் ஏறி நாலு வருஷம் உங்களைப் படுத்தியது எனக்குத் தெரியும். அது என் எண் என்று ஒத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

பிறகு உங்கள் மே மாதக் கடிதம் வந்தது. கழுத்தில் இரண்டு சுற்று! இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. நான் அன்றைக்குக் கீழே லேபில் இருந்தேன். நீங்களும் அப்போது வெட்டுவதைப் பற்றித்தான் சொன்னீர்களே தவிர சுற்றைப் பற்றிச் சொல்லவில்லை.

நீங்கள் அளவெடுக்கிறவர். நான் சொல்வது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். பிறந்த குழந்தையின் கழுத்துச் சுற்றளவு ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர். இரண்டு சுற்று என்றால் நாற்பது. தொப்புளிலிருந்து கழுத்து வரை ஏறி வர இன்னும் பத்தாவது வேண்டும். ஐம்பது ஆகிவிட்டதா? அந்த ஐம்பதும் பிள்ளை பக்கம். கழுத்திலேயே வைத்து வெட்டியதால் அந்தத் துண்டு முழுவதும் சுண்டுவோடு போய்விட்டது. அப்புறம் தொப்புளுக்குப் பக்கத்தில் கட்டி, மிச்சத்தை வெட்டிக் குப்பையில் போட்டிருப்பார்கள். என் வாளிக்கு வந்தது மற்றப் பக்கம் மட்டும், முப்பத்தொன்று. கூட்டிப் பாருங்கள். எண்பது வருகிறது. சாதாரணமாக ஐம்பது, அறுபதுதான் இருக்கும். முப்பத்தோரு சென்டிமீட்டர் கொடியை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு பிறக்க முடியாது.

பெரிய டாக்டரிடம் உங்கள் கடிதத்தையும் என் கணக்கையும் காட்டினேன். அவரும் கூட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நீளம். பிள்ளை நல்லா ஆடியிருக்கு" என்றார். சரியான எண் இனி யாருக்கும் தெரியாது. ஆனால் குட்டை இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். பழைய ஆஸ்பத்திரிக்கும் எழுதிவிட்டேன். என்னைப் போல அங்கே அளந்தவர்கள் எத்தனை வீட்டில் என்ன சொல்லிவைத்தார்களோ.

கத்தரிக்கோல் விழுந்தது அவள் உதைத்துத்தான் அண்ணி. உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என் டேப்பை நம்பி உங்கள் வயிற்றை நம்பாமல் விட்டீர்கள்.

என் பேச்சைக் கேட்டு ஸ்கேனை ரத்து செய்யாதீர்கள். இந்தத் தாளை டாக்டரிடம் கொடுங்கள், புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டும் என்று அவர் சொன்னால் எடுங்கள். ஆனால் என் தப்பான எண்ணுக்காக அந்தப் பிள்ளையை மயக்கிப் படுக்கவைக்க வேண்டாம்.

என்னைத் திட்டி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

நாத்தனார்


மே 24

அண்ணி,

கூரியர் பதினாலாம் தேதியே சேர்ந்துவிட்டது என்று ரசீதில் இருக்கிறது. அண்ணன் போனில் "எல்லாரும் நல்லாயிருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். திட்டாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. ஒரு வரி போதும்.


ஜூன் 2

அளவுக்காரிக்கு,

திட்டு வேண்டுமா? இந்தா.

இருபது வருஷமாக நான் துணி வெட்டுகிறேன். வெட்டி விழுந்த துண்டைக் கணக்கில் சேர்க்காமல் "துணி பத்தலை" என்று ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால், இந்தத் தெருவில் எனக்கு ஒரு கைக்குட்டையைக்கூடத் தைக்கக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு எனக்குக் கோபம் இல்லை. எட்டு மாத அனுபவம், ஒரே கட்டம், ஒரே வாளி. தப்பு யாருக்கும் வரும். மார்ச்சிலேயே தெரிந்தும் மே வரை வாயைத் திறக்கவில்லையே, அதற்குத்தான் கோபம். இரண்டு மாதம் நான் ரேடியோவை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். குடை அனுப்பினாய், மருந்து அனுப்பினாய், வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாம் அனுப்பினாய். பத்து நாள் உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். எழுதினால் எதையாவது எழுதிவிடுவேன் என்றுதான் எழுதவில்லை.

பதினோராவது நாள் ஆத்திரம் தீர்ந்துவிட்டது. எப்படித் தீர்ந்தது என்று தெரியவில்லை. காலையில் எழுந்து பார்த்தேன், இல்லை. உன்னை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. அந்தச் சலவைக் கடை மாடியில் தனியாக உட்கார்ந்துகொண்டு நீ எப்படி எழுதியிருப்பாய்!

அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தேன். உன் அண்ணன் வாசலிலேயே நின்று கேட்டார். "அம்மாவின் வாயில் ஏறி" என்ற இடத்தையும் விடாமல்தான் படித்தேன். முடித்ததும் அத்தை எழுந்து திரைக்குப் பின்னால் போய்விட்டார். அன்று முழுவதும் ஒன்றும் சொல்லவில்லை, இந்த வீட்டில் அது பெரிய செய்தி. மறுநாள் நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மெஷின் கூடத்து ஜன்னல் ஓரத்துக்கு வந்திருக்கிறது. முழங்கால் வலியோடு எப்படித்தான் தள்ளினாரோ. போர்வையை மடித்து மேலே வைத்துவிட்டு, எண்ணெய் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எங்கெங்க விடணும்னு எனக்குத் தெரியாது. காட்டு" என்றார். காட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணெய் விட்டோம். அப்புறம்தான், "நான் ஒரு பேச்சுப் பேசிட்டேன். நாலு வருஷம் அதையே பேசிட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கும்தான். இப்போது குட்டிச் சட்டை நாலு தைத்து முடித்துவிட்டேன்.

உன் தாளை டாக்டரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார். ஃபைலில் பழைய வரியை அடித்துவிட்டு உன் தாளைப் பின் செய்தார். பிறகு என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "பாப்பா மட்டும் அந்த எடை மெஷின் வரைக்கும் போயிட்டு வரட்டும். நீங்க எந்திரிக்கக் கூடாது" என்றார். வெளியே நீளமான தாழ்வாரம். சுண்டு இரண்டடி வைத்தாள், நின்றாள், திரும்பி என் கையைத் தேடினாள். என் கை தானாக நீண்டுவிட்டது. "கையைக் குடுக்காதீங்க" என்றார் டாக்டர். மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு கஷ்டமாக இருந்தது, பிரசவ வலிகூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கை வரப் போவதில்லை என்று புரிந்தது. நடந்தாள். எடை மெஷினைத் தொட்டாள். அதையும் தாண்டிப் போனாள். அப்புறம் ஓடினாள். என் பிள்ளை ஓடி நான் பார்த்ததே இல்லை. தாழ்வாரத்தின் அந்தக் கோடி வரைக்கும் ஓடி, சுவரில் இரண்டு கையையும் அடித்துவிட்டு, திரும்பி இந்தக் கோடிக்கு ஓடி வந்தாள். மறுபடியும் போனாள். ஒரு நர்ஸ் மருந்துத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"இதுக்கா தலையை ஸ்கேன் எடுக்கணும்?" என்றார் டாக்டர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு தரம் காட்டினால் போதுமாம்.

அவள் மெதுவாக நடந்தது என் வேகத்தில். நாலு வருஷமாக நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடுவாளோ என்று பயந்து பயந்து அடி எடுத்து வைத்தேன். அவள் அந்த அடியைக் கற்றுக்கொண்டாள். குறை அவளிடம் இல்லை. முழுக்க உன்னுடைய எண்ணிலும் இல்லை, அந்தப் பயத்தை நானும் விடாமல் வளர்த்தேன். இனி போதும்.

ஜூலைக் கடைசியில் நீ வந்துவிட வேண்டும். லீவு இல்லை, ஆராய்ச்சி இருக்கிறது என்று கதை சொல்லாதே. இந்தத் தடவை லேபில் அல்ல, என் தலைமாட்டில் நிற்க வேண்டும். நான் கத்தினால் யாரை வெட்டுகிறார்கள் என்று எனக்கு விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

நேற்று சாயங்காலம் தெருவில் ஓடி விழுந்தாள். இரண்டு முழங்காலும் நன்றாகச் சிராய்த்துவிட்டது, ரத்தம். வீறிட்டு அழுதாள். அத்தை உள்ளேயிருந்து பதறிக்கொண்டு வந்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். படியில் உட்காரவைத்துக் கழுவி மருந்து போட்டேன். வாழ்நாளில் முதல் காயம். ஊதிக்கொண்டே, "வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குது" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். தெருவைப் பார்த்தாள். "அம்மா, இன்னொரு தடவை ஓடட்டுமா?"

ஓடச் சொன்னேன்.

உன் அண்ணி